நகச்சொத்தை: பரிசோதனை முதல் புது நகம் முளைக்கும் வரை, வரிசையாகச் செய்ய வேண்டியவை

நகத்தில் பூஞ்சை பிடிப்பதுதான் நகச்சொத்தை. அதற்கு மருந்து உண்டு. பலருக்கும் குணமாகாமல் இழுப்பதற்குக் காரணம் வரிசை தவறுவதுதான். பரிசோதிக்கும் முன்பே மருந்து தடவிவிடுகிறார்கள், விரல் இடுக்கில் இருக்கும் சேற்றுப்புண்ணை விட்டுவிட்டு நகத்தை மட்டும் பார்க்கிறார்கள், இரண்டு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள்.

வாய்க்கால் பாசன வயலில் நிற்பவர்கள், சாயப்பட்டறையில் கம் பூட்டுடன் வேலை செய்பவர்கள், விடிகாலையில் கட்டுத்தரை கழுவுபவர்கள், நாள் முழுக்க ஷூ போட்டு மில்லிலும் பவுண்டரியிலும் நிற்பவர்கள் என நம் கொங்குப் பக்கத்தில் கால் காயாமல் இருக்கும் வேலைகள் ஏராளம். இந்த வழிகாட்டி அவர்களை மனதில் வைத்து எழுதியது.

கையில் இருக்க வேண்டியவை

நகவெட்டி இரண்டு வேண்டும்: ஒன்று சொத்தை நகத்துக்கு, மற்றது நல்ல நகத்துக்கு. நகத்தைத் தேய்க்க அட்டை அரம் ஒரு பாக்கெட் வாங்குங்கள், விலை குறைவு, அடிக்கடி தூக்கி எறியலாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, கால் துடைக்க மட்டும் ஒரு தனித் துண்டு, படம் எடுக்க ஒரு போன். மருந்தை இப்போது வாங்க வேண்டாம். அதற்கு முன் முடிக்க வேண்டிய படிகள் இருக்கின்றன.

1. சொத்தைதானா என்று பாருங்கள்

நகம் கெட்டுப்போய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூஞ்சையே இருக்காது. அவர்கள் பூஞ்சை மருந்தை ஒரு வருடம் தடவினாலும் நகம் மாறப்போவதில்லை. அதனால்தான் இது முதல் படி.

பூஞ்சை பெரும்பாலும் கால் கட்டைவிரலில், நகத்தின் முனையிலோ பக்கவாட்டிலோ தொடங்கும். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பட்டை கிளம்பி அடிப்பக்கம் நோக்கி நகரும். நகம் தடித்து, அடியில் மாவு போல உதிரும், ஓரம் பொடியும். கூடவே விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல் இருந்தாலோ, உள்ளங்காலில் செதில் உதிர்ந்தாலோ பூஞ்சைக்கான வாய்ப்பு அதிகம்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேலை செய்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். மஞ்சள் கறை நகத்தின் மேற்பரப்பில் இருக்கும். அரத்தால் லேசாக இரண்டு இழுப்பு இழுத்தால் அந்த இடம் வெளுத்துவிடும். சொத்தையின் மஞ்சள் நகத்துக்கு அடியில் இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் போகாது. மருதாணி, நகப்பூச்சு ஆகியவற்றின் கறையும் மேலேயேதான் இருக்கும்.

சொரியாசிஸ் நகத்தில் ஊசி குத்தியது போலச் சிறு குழிகள் தெரியும். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். கையிலும் காலிலும் எல்லா நகங்களும் ஒரே சமயத்தில் கெட்டிருந்தால் பூஞ்சையை விட வேறு காரணமே அதிகம்.

இறுக்கமான ஷூவில் தொடர்ந்து இடிபடும் நகமும் தடித்து மஞ்சளாகும். நகத்தில் பொருள் விழுந்து ரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கருப்பு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்து ஒரு நாள் வெட்டுப்பட்டுப் போகும். நகராமல் அடியிலிருந்து முனைவரை நீளும் கருங்கோடு, அதிலும் ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனால், அல்லது கருமை நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவினால், மற்ற வேலையை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். அரிதாக அது தோல் புற்றுநோயாக இருக்கலாம்.

2. வீட்டில் கை வைக்கக் கூடாதவர்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள், கால் மரத்துப் போனவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் நகத்தைத் தாமே வெட்டவோ தேய்க்கவோ கூடாது. தடித்த நகம் பக்கத்துத் தோலை அழுத்திப் புண்ணாக்கும். மரத்த காலில் அந்தப் புண் வலிக்காது, தெரியும்போது சீழ் வைத்திருக்கும். இவர்களுக்கு நகச்சொத்தை அழகுப் பிரச்சினையே இல்லை, காலைக் காப்பாற்றும் பிரச்சினை.

பாதயாத்திரையாகப் பழனிக்குப் போகும் பழக்கமுள்ள சர்க்கரை நோயாளிகள் மார்கழியிலேயே காலை மருத்துவரிடம் காட்டுங்கள். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நகத்தை வெட்டிக் காயமாக்கிக்கொண்டு வெறுங்காலில் நடப்பது மிக ஆபத்து.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மாத்திரை பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். காலை ஈரமில்லாமல் வைப்பது, செருப்பு சுத்தம் ஆகிய படிகளை மட்டும் செய்தால் போதும். நகச்சொத்தை சில மாதம் காத்திருக்கக் கூடிய நோய்.

3. மருந்துக்கு முன் பரிசோதனை

நகத்தின் அடியில் இருக்கும் மாவைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊற வைத்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழைகளைத் தேடுவார்கள். கேஓஎச் பரிசோதனை என்று கேட்டால் தெரியும். கல்ச்சர் என்பது பூஞ்சையை வளர்த்து எந்த இனம் என்று கண்டுபிடிப்பது. முடிவு வர 4 வாரம் வரை ஆகலாம். நகத்துண்டைச் சாயமேற்றிப் பார்க்கும் பயாப்சி முறையும் உண்டு. மற்ற இரண்டிலும் தப்பும் பூஞ்சை பல நேரம் இதில் சிக்கும்.

கோவை, பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

இந்தப் படியில்தான் மிக அதிகமான தவறுகள் நடக்கின்றன. காட்டப் போகிறோமே என்று முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டிச் சுத்தமாக்கிக்கொண்டு வருகிறார்கள். பூஞ்சை உயிரோடு இருப்பது, கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் எல்லையில், நகத்துக்கு அடியில். முனையில் உதிரும் தூளில் பெரும்பாலும் செத்த பூஞ்சையும் அழுக்கும்தான். நகத்தை வளர விட்டுப் போனால்தான் உள்ளே வரை சுரண்டி எடுக்க முடியும்.

இரண்டாவது தவறு, ஏற்கெனவே களிம்பு தடவிவிட்டுப் போவது. தடவியிருந்தால் குறைந்தது 2 வாரம் நிறுத்திவிட்டுப் போங்கள். மாத்திரை எடுத்திருந்தால் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். முதல் முடிவு இல்லை என்று வந்தும் நகம் சொத்தை போலவே இருந்தால் இன்னொரு முறை எடுப்பது வழக்கம்தான், தயங்காமல் கேளுங்கள்.

4. முதல் நாள் அளவு குறியுங்கள்

சிகிச்சை தொடங்கும் அன்று, நல்ல நகம் முடிந்து கெட்டது தொடங்கும் எல்லையில் அரத்தின் ஓரத்தால் மெல்லிய கோடு ஒன்று கீறுங்கள். ஆழம் வேண்டாம், கண்ணுக்குத் தெரிந்தால் போதும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, வெளிச்சத்தில், மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு மாதம் ஒரு படம், அதே கோணத்தில்.

மருந்து வேலை செய்தால் அந்தக் கோடு முன்னால் நகரும், கோட்டுக்குப் பின்னால் வருவது தெளிந்த நகமாக இருக்கும். சொத்தையின் மஞ்சள் நிறம் அந்தக் கோட்டைத் தாண்டி அடிப்பக்கம் வந்தால் மருந்து கேட்கவில்லை. கால் நகம் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், கை நகம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். கெட்ட நகத்தை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. புது நகம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து அதை வெளியேற்ற வேண்டும். அதற்குக் கை நகத்தில் 6 மாதம், கால் கட்டைவிரலில் 12 முதல் 18 மாதம் ஆகும். இந்தக் கணக்குத் தெரியாமல் போனால் இரண்டாவது மாதத்தில் மனசு விட்டுப்போகும்.

5. சேற்றுப்புண்ணை ஆற்றுங்கள்

கால் நகத்துக்குப் பூஞ்சை பெரும்பாலும் தோலிலிருந்துதான் ஏறுகிறது. விரல் இடுக்கில் அது இருக்கும்வரை நகத்துக்குக் கொடுக்கும் மருந்து வீண்.

நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பாருங்கள், அங்கேதான் முதலில் ஊறும். டெர்பினாஃபின் 1% களிம்பு 1 முதல் 2 வாரம், அல்லது குளோட்ரிமசோல் 1% களிம்பு தினம் இரண்டு வேளை 4 வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். அரிப்பு சில நாளிலேயே போய்விடும், பூஞ்சை போக நாளாகும்.

இரண்டு பாதத்துக்கும், இடுக்கோடு நிறுத்தாமல் உள்ளங்காலுக்கும் பக்கவாட்டுக்கும் தடவுங்கள். உள்ளங்கால் முழுக்க வறண்டு மெல்லிய செதில் உதிர்வதைப் பித்தவெடிப்பு என்று நினைத்துப் பலர் வாசலின் தடவிக்கொண்டிருப்பார்கள். அதுவே பூஞ்சையாக இருப்பது சகஜம்.

கடையில் கேட்டு வாங்கும்போது டியூபின் பின்புறம் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, வாங்காதீர்கள். இரண்டு நாளில் அரிப்பை அடக்கும், அதற்குள் பூஞ்சை பரவும். படர்தாமரை வருடக்கணக்கில் விடாமல் சுற்றுவதற்கு இந்தக் கலவைக் களிம்புகள் ஒரு பெரிய காரணம். டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத பூஞ்சையும் இப்போது நம் நாட்டில் பரவியிருக்கிறது. சரியான மருந்தைச் சரியான நாள் தடவியும் ஆறாவிட்டால் அதே மருந்தை இன்னொரு டியூப் வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மெட்டி போடுபவர்கள் குளித்த பின் அதை நகர்த்தி அடியில் துடையுங்கள். அந்த ஈரம் மத்தியானம் வரை காயாது.

6. நகத்தை மெலிதாக்குங்கள்

தடித்த நகத்தின் மேல் பூசும் மருந்து உள்ளே இறங்காது. பூச்சு மருந்து வாங்கியவர்களில் பலருக்குப் பலன் கிடைக்காததற்குக் காரணம் இந்தப் படியைத் தாண்டிவிடுவதுதான்.

குளித்து முடித்ததும் நகம் இளகியிருக்கும், அப்போது வெட்டுங்கள். நேராக வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். தூக்கிக்கொண்டு நிற்கும் பகுதியை எவ்வளவு வலியில்லாமல் வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டுங்கள். பிறகு அட்டை அரத்தால் மேற்பரப்பை ஒரே திசையில் தேய்த்து மெலிதாக்குங்கள். அந்தத் தூளிலும் பூஞ்சை உண்டு. காகிதம் விரித்து அதன் மேல் செய்து, மடித்துக் குப்பையில் போடுங்கள். சொத்தை நகத்தைத் தேய்த்த அரம் நல்ல நகத்தில் படக் கூடாது.

மிகவும் தடித்திருந்தால் 40% யூரியா களிம்பு உதவும். சுற்றியுள்ள தோலில் வாசலின் பூசி மறைத்துவிட்டு, நகத்தின் மேல் மட்டும் யூரியா வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி பிளாஸ்திரி ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்து, இளகியதைச் சுரண்டிவிட்டு மீண்டும் கட்டுங்கள். 2 முதல் 3 வாரம் ஆகும். நல்ல நகத்தை அது பெரிதாகத் தொடாது, கெட்டதைத்தான் இளக்கும். 2-ஆம் படியில் சொல்லப்பட்டவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது.

7. பூச்சா, மாத்திரையா

ஒன்றிரண்டு நகம், அதிலும் பாதிக்கும் குறைவாக, அடியில் பிறை தெரியும் பகுதி கெடாமல் இருந்தால் பூச்சு மட்டும் போதலாம். பிறை வரை போயிருந்தாலோ பல நகங்களில் இருந்தாலோ பூச்சு தனியாக வெல்லாது. நகம் உருவாகும் இடமே அங்கேதான், மேலே பூசுவது அங்கே எட்டாது.

அமோரோல்ஃபின் 5% பூச்சு வாரம் ஒரு முறை அல்லது இரு முறை. தேய்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நகம் முழுக்க மெலிதாகப் பூசி 3 முதல் 5 நிமிடம் காய விடுங்கள். சைக்ளோபிராக்ஸ் 8% தினமும் பூச வேண்டும், வாரம் ஒரு முறை ஸ்பிரிட்டால் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் கை நகத்துக்கு 6 மாதம், கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதன் மேல் நகப்பூச்சு போடாதீர்கள். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் தின்னர் தொடுபவர்கள் கையுறை இல்லாமல் வேலை செய்தால் பூசிய மருந்து கரைந்து போகும்.

மாத்திரை மருத்துவர் எழுதித்தான். டெர்பினாஃபின் வழக்கமாக 250 மில்லிகிராம் தினம் ஒன்று, கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். தொடங்கும் முன் ஈரல் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். நாக்கில் ருசி மாறினாலோ, பசியே இல்லாமல் போனாலோ, சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள். ஈரல் நோய் உள்ளவர்களும் தொடர்ந்து குடிப்பவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இட்ராகோனசோல் பெரும்பாலும் மாதத்தில் ஒரு வாரம் மட்டும்: 200 மில்லிகிராம் காலையும் இரவும், பிறகு 3 வாரம் இடைவெளி. கை நகத்துக்கு இப்படி 2 சுற்று, கால் நகத்துக்கு 3 சுற்று. கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரையும். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடம்பில் சரியாக ஏறாது. இதய பலவீனம் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்து.

மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கு வரும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் உட்பட, தினம் போடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெயர் சொல்வதை விட அட்டையைக் காட்டுவது நல்லது.

12 வாரம் முடியும்போது நகம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். மருந்து நகத்தில் தங்கிப் பல மாதம் வேலை செய்யும். நீங்களாகவே இன்னொரு மாதம் நீட்டிக்காதீர்கள்.

வேப்பெண்ணெய், மஞ்சள், கற்றாழை எதுவும் நகத்துக்கு அடியில் இறங்காது. மஞ்சள் பூசினால் கறைதான் மிச்சம், கோடு நகர்வதும் தெரியாது. ஆசிட், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள், தோல் வெந்துவிடும்.

8. ஷூ, செருப்பு, குளியலறை

சிகிச்சை தொடங்கிய அதே வாரத்தில் இதையும் தொடங்குங்கள். குணமான காலைப் பழைய ஷூவில் நுழைத்தால் மறுபடி முதலிலிருந்து.

- ஷூ இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒருநாள் போட்டது முழுசாகக் காய 24 மணி நேரமாவது வேண்டும். உள் அட்டையைக் கழற்றி வெயிலில் வையுங்கள்.
- கம் பூட்டை வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே பருத்தி சாக்ஸ் இல்லாமல் போடாதீர்கள், மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சாக்ஸை மாற்றுங்கள்.
- சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, மிஷினில் 60 டிகிரியில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.
- விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள் பொதுக் குளியலறைக்குச் சொந்த ரப்பர் செருப்போடு போங்கள். வாசலில் கிடக்கும் பொதுச் செருப்பை மாட்டாதீர்கள்.
- நகவெட்டியும் கால் துடைக்கும் துண்டும் வீட்டில் ஆளுக்கொன்று. வீட்டில் வேறு யாருக்காவது சேற்றுப்புண் இருந்தால் அவருக்கும் இப்போதே மருந்து.

வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர்கள் காலைக் கழுவுவதோடு விட்டுவிடுவார்கள். துடைப்பதுதான் முக்கியம், ஒவ்வொரு இடுக்காக, தனித் துண்டால்.

9. கை நகத்துக்கு வழி வேறு

பாத்திரம் கழுவுபவர்கள், பால் கறப்பவர்கள், ஓட்டல் சமையலறையில் நிற்பவர்களுக்குக் கை நகம் கெடுவது பெரும்பாலும் நகத்தைச் சுற்றிய தோலில் தொடங்கும். நகம் முளைத்து வரும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நகத்தோல் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறிப் பிரியும். அந்த இடைவெளியில் ஈரம் புகுந்து நகக்கண் வீங்கும். கேண்டிடா என்ற பூஞ்சை பிறகுதான் குடியேறுகிறது. எனவே பூஞ்சை மருந்து மட்டும் இதற்குப் போதாது. வீக்கத்தைக் குறைக்கும் களிம்பையும் மருத்துவர் சேர்த்துக் கொடுப்பார்.

கை காயாமல் எந்த மருந்தும் பிடிக்காது. உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. ரப்பர் மட்டும் போட்டால் வியர்வையிலேயே ஊறும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழுவாமல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றித் துடையுங்கள். அழுக்கு எடுக்க நகத்துக்குள் ஊக்கு விடாதீர்கள். பார்லரில் நகத்தோலை வெட்ட விடாதீர்கள், அதுதான் காவல்.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைச் சொருகுவது நம் வழக்கம். மாதக்கணக்கில் வீங்கியிருக்கும் விரலில் அதைச் செய்தால் புண்பட்ட தோல் இன்னும் எரிந்து பிரியும். நகம் பச்சையாக மாறினால் அது பாக்டீரியா, அதற்கு வேறு மருந்து.

10. எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பப் போவது

மாத்திரை முடிந்து 3 மாதம் கழித்தும் நீங்கள் கீறிய கோட்டுக்குப் பின்னால் தெளிந்த நகம் தெரியவில்லை என்றால் படங்களோடு திரும்பப் போங்கள். மருந்து தவறா, பூஞ்சை வேறா, பூஞ்சையே இல்லையா என்பதை மருத்துவர் மறுபரிசோதனையில் பார்ப்பார்.

பூச்சை நிறுத்துவது, நகம் முழுவதும் தெளிவாக வளர்ந்து முதல் முறை வெட்டிய பிறகு. அந்த வெட்டிய துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் மீண்டும் பரிசோதனைக்குக் கொடுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் நகத்திலும் பூஞ்சை மிச்சம் இருக்கலாம்.

இது திரும்ப வரும் நோய். புரட்டாசி முடிந்து மழை பிடிக்கும் மாதங்களில் வாரம் ஒரு முறை விரல் இடுக்கைப் பாருங்கள். லேசாக ஊறல் தெரிந்த அன்றே களிம்பைத் தொடங்கி, சொன்ன நாள் முழுவதும் தடவுங்கள். ஷூ மாற்றுவதையும் தனி நகவெட்டியையும் நகம் வளர்ந்த பிறகும் விடாதீர்கள்.